கித்தான் கூரைக்குக் கீழே ஒரு பூட்டிய பெட்டி

நான் கோயம்புத்தூரில் நில அளவைத் தொழில் செய்பவன். ஆனைகட்டி மலைச்சரிவுகளில் தோட்ட எல்லைகளை அளப்பது, உடுமலைப் பக்கம் காற்றாலை நிற்கப்போகும் இடங்களுக்குப் பாதை குறிப்பது, வால்பாறையின் தேயிலைத் தோட்டங்களுக்குள் மட்டம் எடுப்பது என்று மாதத்தில் பாதி நாட்கள் தார்ச்சாலை முடிந்த இடத்திற்கு அப்பால்தான் எனக்குக் கழிகின்றன. அதற்காகவே 2021ஆம் ஆண்டில் கித்தான் கூரை போட்ட மஹிந்திரா தார் வண்டி ஒன்றை வாங்கினேன். நான்கு சக்கரங்களும் இழுக்கும் அந்த வண்டி, மழைக்காலத்துச் சேற்றிலும் வறண்ட ஓடை மணலிலும் என்னை ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. ஆனால் அதன் பின்புறத்தில் எதை வைத்தாலும், அதைத் தெருத்திண்ணையில் வைத்ததற்குச் சமமாகவே கருத வேண்டும் என்பதை ஓராண்டு கழித்துத்தான் உணர்ந்தேன்.

அன்று மலையடிவார ஊர் ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தபோது பின்கதவு பூட்டியபடியே இருந்தது, கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்கத்துச் சன்னலின் ஜிப் மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திறந்து கிடந்தது. டோட்டல் ஸ்டேஷன் எனப்படும் அளவைக் கருவியை எப்போதும் கையோடு எடுத்துச் செல்லும் பழக்கம் இருந்ததால் அது தப்பியது. போனவை அந்தக் கருவியின் ஒளிக்கற்றையைத் திருப்பி அனுப்பும் இரண்டு பிரிசங்கள், மின்கல ஏற்றி, மழைச்சட்டை, இவற்றோடு ஒன்பது நாள் அளவுகளைக் குறித்துவைத்திருந்த களப் புத்தகம். பிரிசத்தைக் காசு கொடுத்து மறுபடியும் வாங்கிவிடலாம். அந்த ஒன்பது நாட்களின் அளவுகளை எடுக்க மறுபடியும் மலையேற வேண்டியிருந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய பிறகு காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து முதன்முறையாக முழுவதும் படித்தேன். வழக்கமான வாகனக் காப்பீடு வண்டிக்கும் அதில் பொருத்தி, பத்திரத்திலும் குறிப்பிட்ட துணைக்கருவிகளுக்குமே பொருந்தும். உள்ளே வைத்த சொந்தப் பொருட்களுக்குத் தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்திருக்கவில்லை.

ஜிப் திறந்துகொண்டதை வண்டியின் குறையாக நான் கருதவில்லை. எந்த நிறுவனம் செய்த வண்டியானாலும் கித்தான் கூரையின் இயல்பே அதுதான். அதற்குப் பூட்டுப் போட்டாலும் ஒரு பிளேடு போதும். எனவே கூரையைக் காப்பதை விட்டுவிட்டு, கூரைக்குள்ளே பூட்டக்கூடிய ஒரு பெட்டியைச் செய்துகொள்வது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் சரியானது. அதை முதன்முறை நிறைவேற்றிய விதம் தவறானது.

வீட்டு வாயிற்கதவுகளும் சன்னல் கம்பிகளும் செய்து தரும் ஒரு பட்டறையில் பெட்டிக்குச் சொன்னேன். 95 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம், 38 செ.மீ. உயரத்தில், 2 மி.மீ. இரும்புத் தகட்டை ஆங்கிள் சட்டத்தின் மேல் பற்றவைத்து உறுதியான பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். வெறும் பெட்டியே 46 கிலோ இருந்தது. கெட்டியான பெட்டி கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், அதை வண்டியோடு எப்படிப் பிணைக்கப்போகிறோம் என்பதை நானும் கேட்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை. தளத்துத் தகட்டில் எட்டுத் திருகாணிகளை நேரடியாக இறக்கி முடித்துவிட்டோம். வண்டித் தளத்தின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான். அந்த ஒரு மில்லிமீட்டரில் திருகாணியின் ஒன்றிரண்டு மரைகளுக்கு மேல் பிடிப்பதில்லை. கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த மரைகள் தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஏழு மாதம் கழித்து, வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுச் சாலையில், ஒரு வளைவைக் கடந்ததும் காட்டுமாடு ஒன்று கன்றோடு குறுக்கே நின்றது. மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் குறைவான வேகம்தான். பிரேக்கை முழுவதுமாக அழுத்தினேன். வண்டி நின்றது, பெட்டி நிற்கவில்லை. உள்ளே இருந்த 40 கிலோ சாமான்களோடு சேர்ந்து முன்னால் சறுக்கி, மடித்துவைத்திருந்த பின்னிருக்கையை நசுக்கி, என் இருக்கையின் முதுகில் வந்து மோதியது. இருக்கைச் சட்டம் தாங்கிக்கொண்டதால் காயமில்லை. கீழே இறங்கிப் பார்த்தபோது எட்டுத் திருகாணிகளில் நான்கு எப்போதோ கழன்று விழுந்துவிட்டிருந்ததும், எஞ்சிய நான்கின் துளைகள் நீள்வட்டமாகப் பெருத்திருந்ததும் தெரிந்தன.

அன்றிரவு உட்கார்ந்து போட்ட கணக்கை, பின்னால் பெட்டி வைக்க எண்ணும் ஒவ்வொருவருக்கும் சொல்ல விரும்புகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு பொருளிடம் இருக்கும் ஆற்றல், அதே பொருள் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலுக்குச் சமம். அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து அந்தப் பெட்டி நம் முதுகின் மேல் விழுவதாக நினைத்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் எதிலாவது மோதி, வண்டியின் முன்பகுதி நசுங்கி 60 செ.மீ. தூரத்திற்குள் வண்டி நின்றுவிட்டால், உள்ளே இருப்பவை அனைத்தும் சராசரியாகத் தம் எடையின் 16 மடங்கு விசையோடு முன்னால் பாய முயலும். பெட்டியும் சாமானுமாக 86 கிலோ என்றால், அது ஏறத்தாழ 1,400 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு. திருடனிடமிருந்து பொருளைக் காக்க நான் செய்த பெட்டி, என்னைக் கொல்லக்கூடிய பெட்டியாக ஏழு மாதம் என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

பெட்டி எவ்வளவு கெட்டி என்பதைவிட அது எதனோடு, எவ்வாறு பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி என்பது அந்தக் கணக்கிலிருந்து எனக்குத் தெளிவாயிற்று. திருட்டுக்கும் இதுவே பொருந்தும். பிணைப்பு பலவீனமாக இருந்தால் பூட்டை உடைக்கும் வேலைகூடத் திருடனுக்கு இல்லை. பெட்டியையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய், ஆளில்லாத இடத்தில் நிதானமாகத் திறந்துகொள்வான்.

இரண்டாவது பெட்டியை ஆவாரம்பாளையத்தில் இயந்திர உதிரிபாக வேலை செய்யும் ஒரு சிறிய பட்டறையில், நானும் கூடவே நின்று செய்துகொண்டேன். வேலையைப் பெட்டியிலிருந்து தொடங்காமல் தளத்திலிருந்து தொடங்கினோம். வண்டியை மேலே தூக்கி, தளத்தின் கீழே எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய்கள், மின்கம்பிகள் ஆகியவை எங்கெங்கே ஓடுகின்றன என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்ட பிறகே துளையிடும் இயந்திரத்தைக் கையில் எடுத்தோம். மேலிருந்து பார்த்துத் துளையிட்டவர்கள் பிரேக் குழாயைத் துளைத்த கதையைப் பட்டறைக்காரர் சொன்னபோது, முதல் பெட்டிக்கு நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிய எட்டுத் திருகாணிகள் நினைவுக்கு வந்தன. பழைய துளைகளில் பயன்படக்கூடியவற்றைப் பெரிதாக்கிக்கொண்டு, மற்றவற்றைத் துருத்தடுப்புப் பூச்சிட்டு அடைத்தோம்.

நான்கு மூலைகளுக்கும் நான்கு போல்ட்டுகள் போதுமானவை. 8.8 என்ற வலிமைத் தரமுள்ள 8 மி.மீ. போல்ட்டு ஒன்றை இழுத்து அறுக்க ஏறத்தாழ 3 டன் விசை வேண்டும். போல்ட்டு அறுந்துபோகும் என்ற கவலை தேவையில்லை. கிழியப்போவது தகடுதான். ஆகவே தளத்தின் அடியில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் 75 மி.மீ. சதுரத்தில் 4 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையை வைத்து, இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் பரவும்படி செய்தோம். போல்ட்டின் தலையை அந்தப் பட்டையோடு பற்றவைத்துவிட்டதால், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எவரும் அதைச் சுழற்ற முடியாது. நட்டுகள் நான்கும் பெட்டிக்கு உள்ளே இருக்கின்றன. பெட்டியைத் திறந்தால்தான் அவற்றைத் தொட முடியும். நைலான் வளையம் கொண்ட நட்டுகளைப் போட்டு, இறுக்கிய நிலையில் நட்டின் மேலும் பெட்டியின் அடிப்பலகையின் மேலும் தொடர்ச்சியாக ஒரு வெள்ளைக் கோடு வரைந்துவைத்தேன். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். முதல் 500 கிலோமீட்டரில் இரண்டு கோடுகள் விலகின, ஏனென்றால் மரப்பலகை அழுத்தத்தில் சற்று அமுங்குகிறது. மறுபடியும் இறுக்கிய பிறகு அவை அசையவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. துளையிடும் சிரமத்தைத் தவிர்க்க, பின்னிருக்கைப் பட்டியின் போல்ட்டையே கழற்றி அதனோடு பெட்டியையும் சேர்த்து இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் போல்ட்டு ஓர் உயிரைத் தாங்குவதற்காக அங்கே இருக்கிறது. அதனிடம் வேறு எந்தச் சுமையையும் ஒப்படைக்கக் கூடாது.

மரப்பலகை என்றதும் பலர் வியக்கிறார்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை கொண்ட, கொதிநீரையும் தாங்கும் 12 மி.மீ. மெரைன் பிளைவுட்டில்தான் இரண்டாவது பெட்டி உருவானது. மூடிக்கும் பின்பக்கத்திற்கும் மட்டும், அதாவது கை எட்டக்கூடிய இரு பக்கங்களுக்கு மட்டும், வெளியே 1.2 மி.மீ. நாகமுலாம் பூசிய தகட்டைப் போர்த்தினோம். தகட்டை வெட்டும் கத்தரி மரத்தில் சிக்கும், மரத்தை அறுக்கும் வாள் தகட்டில் நிற்கும். இரண்டையும் கடக்க இரண்டு விதமான கருவிகளும் நேரமும் ஓசையும் வேண்டும். எடை 33 கிலோவாகக் குறைந்தது. இரும்புப் பெட்டியில் கல் பாதையெங்கும் கேட்டுக்கொண்டிருந்த கணகணவென்ற ஓசையும், விடியற்காலையில் உட்புறம் வியர்த்து நிற்பதும் இதில் இல்லை. பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 215 லிட்டர். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், ஐந்து கதவுகள் கொண்ட மாருதி ஜிம்னியில் பின்னிருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது சாமான்களுக்குக் கிடைக்கும் இடம் 208 லிட்டர்.

பூட்டைப் பற்றித்தான் நான் அதிகமாக யோசித்தேன். ஆனால் எனக்குப் பாடம் கற்பித்தது மூடி. பெட்டி முடிந்ததும், பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த தம்பி ஒருவனிடம் ஒரு நெம்புக்கம்பியையும் சுத்தியலையும் கொடுத்து, பத்து நிமிடத்திற்குள் திறந்து காட்டும்படி கேட்டேன். அப்போது மூடியின் நடுவில் ஒரே ஒரு நாதாங்கியும் பூட்டும் இருந்தன. அவன் பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியின் வலது மூலையில் கம்பியை நுழைத்து நெம்பினான். மூலை நான்கு விரல் அகலம் வளைந்து உயர்ந்தது, உள்ளே கைவிட்டு ஒரு பையை வெளியே இழுத்துவிட்டான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தம்பிக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். மூடியின் உட்புறத்தில் குறுக்காக இரண்டு ஆங்கிள் பட்டைகளைப் பொருத்தினோம். மூடியின் விளிம்பு பெட்டியின் வாயைத் தாண்டி 25 மி.மீ. கீழே இறங்கி மூடும்படி மாற்றினோம். நடுவில் இருந்த ஒரு பூட்டுக்குப் பதிலாக இரு மூலைகளுக்கும் அருகே இரண்டு பூட்டுகளை வைத்தோம். முழு நீளத்திற்கும் ஓடும் பியானோ கீலை உட்புறமாக மாற்றியதால், ஆணியைத் தட்டிக் கழற்றவும் வழியில்லை. இரண்டாம் முறை அவன் பத்து நிமிடம் முழுவதும் முயன்றும் மூடியில் கீறல்கள்தாம் விழுந்தன. நான்கு பக்கமும் சாலையைப் பார்த்த வண்டியில், நெம்பும் ஓசையோடு பத்து நிமிடம் நிற்க எவரும் துணியமாட்டார்கள்.

பூட்டு இரண்டும் திண்டுக்கல்லில் வாங்கியவை. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவினைப் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு அழகானது என்றாலும், என் தேவைக்கு வளைகம்பி வெளியே அதிகம் தெரியாத லீவர் பூட்டையே தேர்ந்தெடுத்தேன். அதைச் சுற்றி மூன்று பக்கமும் 4 மி.மீ. தகட்டால் ஒரு கூடு செய்து பற்றவைத்ததால், வெட்டுக்கத்தரியின் வாய் வளைகம்பியை எட்டாது. இந்தப் பூட்டுகளுக்கு எண்ணெய் விடக் கூடாது. காட்டுப்பாதையின் செம்மண் தூசி எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, சில வாரங்களில் லீவர்களை இறுக்கிவிடும். கிராஃபைட் தூளை மட்டும் தூவி வருகிறேன். சாவிகளை வண்டிச் சாவியோடு கோக்காமல் தனியே இடுப்பில் வைத்துக்கொள்கிறேன்.

இழுப்பறை அமைப்பையும் யோசித்துக் கைவிட்டேன். சமையலறை அலமாரிகளுக்கான இழுவைச் சட்டங்களின் குண்டுகளுக்கிடையே தூசி புகுந்தால் அவை சிக்கிக்கொள்ளும். வண்டி சரிவில் நிற்கும்போது திறந்தால் கனமான இழுப்பறை தானாகவே வெளியே பாயும். இரு முனையிலும் பூட்டிக்கொள்ளும் கனரகச் சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் விலையும் எடையும் எனக்கு ஒத்துவரவில்லை. மேலே திறக்கும் மூடியே எனக்குப் போதும். அதில் ரப்பர் பீடிங்கைச் சுற்றிலும் ஒட்டியபோது தூசி பெருமளவு நின்றது. முழுவதுமாக நின்றது நான் பின்சன்னலைத் திறந்துவைத்து ஓட்டுவதை நிறுத்திய பிறகே. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்பக்கம் திறந்திருந்தால் தூசியோடு சேர்ந்து புகைக்குழாயின் நச்சுப்புகையும் உள்ளே இழுக்கப்படும். தூசியைவிட அதுதான் ஆபத்து.

பெட்டி இருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடை பின்னச்சுக்குப் பின்னால் போகப்போக முன்சக்கரங்கள் தரையை அழுத்தும் அழுத்தம் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியைத் திருப்ப வேண்டிய சக்கரங்களே பிடிப்பை இழக்கும். அதனால் பின்னிருக்கையைக் கழற்றாமல் மடித்துவைத்து, அதை ஒட்டியே பெட்டியைப் பின்னச்சுக்கு மேலாக அமைத்திருக்கிறேன். கருவிப்பெட்டி, இழுவைச் சங்கிலி போன்ற கனமானவை அடியில், இருக்கைப் பக்கமாகக் கிடக்கும். இருக்கையைக் கழற்றாததற்குச் சட்டமும் ஒரு காரணம். பதிவுச் சான்றிதழில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இருக்கைகளின் எண்ணிக்கை அந்த விவரங்களில் ஒன்று. என் பெட்டி நான்கு நட்டுகளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும்.

பூட்டிவிட்டால் எல்லாவற்றையும் உள்ளே விட்டுச் செல்லலாம் என்பதில்லை. சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். அளவைக் கருவிகள் வேலை செய்யும் வெப்ப வரம்பு பொதுவாக 50 டிகிரி செல்சியஸ் வரைதான். லித்தியம் மின்கலங்களுக்கு அந்த வெப்பம் ஆயுளைக் குறைக்கும். கருவியும் மின்கலமும் இன்றும் என்னோடுதான் இறங்குகின்றன. உணவைப் பொறுத்தவரை வேறொரு கவனம் வேண்டும். ஆழியாறுப் பக்கத்துக் குரங்குகளுக்கு ஜிப்பைத் திறப்பது ஒரு வேலையே அல்ல. சோற்றுப்பாத்திரத்தைப் பகலில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் அவை ஏமாந்து போகும். இரவில் அதுவும் கூடாது. ஆசனூர்ச் சாலையில் கரும்பு லாரிகளை வழிமறிக்கும் யானைகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் மோப்பசக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வால்பாறையில் தோட்டத் தொழிலாளியான ஓர் அக்கா, வண்டியில் கிடந்த வாழைப்பழத் தோலைக்கூட எடுத்து அப்புறப்படுத்தச் சொன்னார். உப்போ பழமோ இருக்கும் பெட்டியை யானை திறக்க நினைத்தால், நான் போட்ட நான்கு போல்ட்டுகளும் தகடும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

இவை அனைத்தையும்விட எளிய பழக்கம் ஒன்றை மிகத் தாமதமாகக் கற்றேன். வண்டியை நிறுத்திய இடத்தில் நின்றுகொண்டு, பையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. எங்கே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நாமே காட்டிக்கொடுப்பது அது. இப்போது புறப்படும் இடத்திலேயே எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டி, மேலே பழைய பவானி ஜமுக்காளம் ஒன்றை விரித்துவிடுகிறேன். போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கம் போகாமலேயே நடந்துவிடுவேன். ஜிப்பை மூடினாலும் அதற்குப் பூட்டுப் போடுவதில்லை. உள்ளே பார்க்க விரும்புபவர் கித்தானைக் கிழிக்காமல் பார்த்துவிட்டுப் போகட்டும். கித்தானை மாற்றும் செலவு சிறியதல்ல.

அளவைக் கருவியை நிறுத்தும் முக்காலி மட்டும் இன்னும் பெட்டிக்கு வெளியில்தான் இருக்கிறது. மடித்த நிலையிலும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அது 95 செ.மீ. பெட்டிக்குள் அடங்கவில்லை. அளவெடுக்கும்போது அதை நான் மறந்துவிட்டேன். இப்போதைக்கு மடித்த இருக்கையின் மேல் குறுக்காகக் கிடத்தி, இரண்டு ராட்செட் பட்டைகளால் தளத்து வளையங்களோடு இறுக்கிக் கட்டி, ஒரு காலின் வழியாகச் சங்கிலியை விட்டுப் பெட்டியின் இடப்பக்கத்துப் பூட்டுக் கூட்டோடு சேர்த்துப் பூட்டிவருகிறேன்.